நாற்றம் நின்ற மாலை

பள்ளிவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் அவளுக்கு முதலில் உறைத்தது, நாற்றம் இல்லை என்பதுதான். ஆலைக்குப் பின்தெருவில் குடிவந்த நாளிலிருந்து மூக்கில் அட்டைபோல ஒட்டிக்கொண்ட அழுகின முட்டை வாடை, சோற்றிலும் தலையணையிலும் சீருடைக் கழுத்துப்பட்டியிலும் விடாமல் கூடவே வந்த வாடை, துடைத்துப் போட்டாற்போல் காணாமல் போயிருந்தது. வாடை ஏறினால் ஈரத்துணி வைத்து ஜன்னல் இடுக்குகளை அடைப்பார்கள், இறங்கினால் எடுப்பார்கள். அந்தத் தெருவுக்கு மூக்குதான் காவல்காரன்.

இன்று எல்லா ஜன்னல்களும் ஆவென்று திறந்து கிடந்தன.

"சுகாதார ஆபீஸ்ல இருந்து மெசேஜ் வந்துச்சுடி. காத்து சுத்தமாயிடுச்சாம், திறந்து வைங்கன்னு," என்றாள் அம்மா, திரைச்சீலையை முடிந்துகொண்டே. "ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க? நல்ல காத்து உனக்கு ஒத்துக்கலையா?"

கட்டிலில் தம்பி புரண்டான். "அக்கா, நம்ம வீடு குளிச்சிடுச்சு!" அவன் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அவள் ஜன்னலருகே நின்றாள். பொழுது சாயும் நேரத்தில் மரத்தையே பிய்த்தெடுக்கும் குருவிக் கூச்சல் இல்லை. எதிர்வீட்டு நாய் மின்கம்பத்தடியில் நாலு காலையும் நீட்டிப் படுத்திருந்தது; அதன் கண்ணில் உட்கார்ந்த ஈகூட எழுந்து பறக்கவில்லை. நாக்கில் பழைய ஆணியைச் சப்பினாற்போல ஒரு ருசி.

போன் அடித்தது. அப்பா. ஆலையில் குழாய் பார்க்கும் வேலை அவருக்கு.

"பாப்பா, ஜன்னல் மூடியிருக்கா?"

"இல்லப்பா. நாத்தமே இல்லையே."

"நாத்தத்தைத்தான்மா கொன்னோம். நாளைக்கு மந்திரி வர்றாரு. வாடை வரக் கூடாதுன்னு குழாயில மருந்து கலக்கச் சொல்லுச்சு கம்பெனி. சோதிக்க வர்ற சுகாதார ஆபீசருங்கதான் அந்த மருந்து டப்பாவையே கொண்டாந்து குடுத்தாங்க. வாயு அப்படியே கசியுதும்மா. இன்னிக்கு ரொம்ப..." மூச்சு இழுத்தது. "எல்லாத்தையும் மூடு. தம்பிய உள்ரூமுக்குத் தூக்கிட்டு..."

அப்புறம் அந்தப் பக்கம் போன் தரையில் விழுந்த சத்தம் மட்டும்.

"அம்மா!"

அம்மா நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கையில் திரைச்சீலை நுனி. தலை தொங்கியிருந்தது.

தம்பியின் உதடு நீலம்.

முதல் ஜன்னலை அறைந்து மூடினாள். தாழ்ப்பாள். இரண்டாவது. தாழ்ப்பாள். கண் எரிந்தது. மூன்றாவதைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விரலுக்குச் சிக்கவில்லை.

தெருவில் வண்டிச் சத்தம். மெதுவாக. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், தாலாட்டுப் பாடுவதுபோல: "காற்று சுத்தமாக உள்ளது. தயவுசெய்து ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்."

வண்டி அவள் வீட்டு முன்னால் நின்றது. முன்பக்கத்தில் அரசாங்க முத்திரை. பக்கத்தில் கம்பெனிப் பெயர். இரண்டும் ஒரே பெயிண்டில்.

ஒருவர் இறங்கினார். முகம் முழுக்க மூடிய ரப்பர் முகமூடி. மூடிய ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவளைப் பார்த்தார். குழந்தையைக் கண்டிப்பதுபோல விரலை ஆட்டினார்.

அவள் கத்தினாள். சத்தம் வரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையுறை போட்ட விரல்கள் முளைத்தன. தாழ்ப்பாள் போடாத அந்த மூன்றாவது ஜன்னலைப் பிடித்தன. மெல்ல, மிக மெல்ல, வெளிப்பக்கமாக இழுத்தன.