புதன்கிழமை கழன்ற குழாய்

வியாழக்கிழமை, காலை 8.20.

தபால்காரர் நீட்டிய உறையைப் பிரித்துப் படித்த தையல்காரர், கையிலிருந்த கத்திரிக்கோலைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் தெருவில் இறங்கி நடந்தார். காவல் நிலையத்துக்குள் அவர் நுழைந்தபோது ஏட்டம்மாவின் கண்ணில் முதலில் பட்டது கத்திரிக்கோல்தான்.

“அதைக் கீழ வைங்க. அப்புறம் பேசலாம்.”

அந்தச் சின்ன நிலையத்துக்கு அவர்தான் பொறுப்பு. தலைமைக் காவலர் என்பதால் ஊருக்கே ஏட்டம்மா.

கடிதத்தின் எழுத்துகள் எல்லாம் அடிக்கோல் வைத்து இழுத்தவை. யாருடைய கையெழுத்து என்று சொல்ல முடியாது. ‘வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட மாடியில் நீ கை தூக்கினால், இறங்கி வரும் பதினெட்டுப் படியில் எது உன் கடைசிப் படி என்று உனக்கே தெரியாது.’

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஊராட்சித் தலைவர்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம். மொத்தம் ஏழு பேருக்கு ஓட்டு. தலைவர் பக்கம் அவரையும் சேர்த்து மூன்று, எதிரே நான்கு. அந்த நால்வரில் தையல்காரர் ஒருவர்.

“யார் மேல சந்தேகம்?”

“தலைவர் ஆளுங்கதான். வேற யாரு?”

“அவர் ஊர்லயே இல்லையே.”

“ஞாயித்துக்கிழமையிலேர்ந்து டவுன் ஆஸ்பத்திரியில படுத்திருக்கார். ஓட்டுப் போட நாளைக்கு எழுந்து வந்துடுவார், பாருங்க.”

“நீங்க போவீங்களா?”

தையல்காரர் கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தார்.

ஏட்டம்மா உறையைத் திருப்பிப் பார்த்தார். டவுன் தபால் நிலைய முத்திரை. செவ்வாய்க்கிழமை தேதி பளிச்சென்று விழுந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே அதற்குள் நான்கு தலைகள் முளைத்திருந்தன.

காலை 10.00. தலைவரே தொலைபேசியில் வந்தார்.

“யாரோ விளையாட்டுக்கு எழுதியிருப்பாங்க. பெருசு பண்ணாதீங்க.”

“விளையாட்டா இருந்தா சீக்கிரம் முடிஞ்சிடும், ஐயா.”

காலை 10.40. ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். தையல்காரருடைய மனைவியின் தம்பி. ஆறு வருடமாகத் தற்காலிக வேலை. புதன்கிழமை குழாய் கழன்று அலுவலகம் முழுக்கத் தண்ணீர். வாசற்படி உயரம் என்பதால் அது வெளியேற வழியில்லை. சுவரைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்கு ஈரக்கோடு ஓடியது.

“எப்போ பார்த்தே?”

“நாலு மணிக்குப் பூட்டிட்டுப் போனேன். மூக்குக்கண்ணாடியை மறந்துட்டேன்னு ஆறு மணிக்கு வந்து தொறந்தா, ஒரே வெள்ளம்.”

ஏட்டம்மா குனிந்து குழாயைப் பார்த்தார். விரிசல் இல்லை. மூட்டு மட்டும் கழன்றிருந்தது. பக்கத்தில் அலமாரி. கீழ்த்தட்டு தரையிலிருந்து நான்கு விரல் உயரம், காலியாக இருந்தது.

“இதுல என்ன இருந்துச்சு?”

“பதிவேடு எல்லாம் அங்கதான் இருக்கும். வந்த உடனே ஓடிப் போய்த் தூக்கி மேல வச்சேன். நல்ல வேளை.”

மேலே இருந்த ஒன்றை எடுத்துப் புரட்டினார். அட்டை விறைப்பாக இருந்தது. பக்கங்கள் சரசரத்தன.

“கூட்டத்தைப் பள்ளிக்கூட மாடிக்கு எப்போ மாத்தினீங்க?”

“நேத்து சாயங்காலம் ஏழு மணிக்கு அறிவிப்பு ஒட்டினேன்.” எழுத்தர் துடைப்பதை நிறுத்தினான். “மாமாவுக்குக் கடிதாசி வந்துச்சாமே. அவர் போகாம இருக்கறதுதான் நல்லது. அக்காவையும் நினைச்சுப் பார்க்கணும்ல?”

காலை 11.30. பள்ளிக்கூடத்துப் படிகளை ஏட்டம்மா எண்ண நினைத்தார். மூன்றாவது படியில் வழியை அடைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். எதிரணி நால்வரில் அவரும் ஒருவர். பக்கத்தில் இரண்டு ஊன்றுகோல்கள்.

“இன்னிக்கே ஏறிப் பழகலாம்னு வந்தேன். இதுக்கு மேல முடியல. நாளைக்கு என்னைத் தூக்க ஒரு கிரேனுக்குச் சொல்லிடுங்க.”

மேலே போய் வந்தார் ஏட்டம்மா. சரியாகப் பதினெட்டு.

“கீழேயே பெரிய வகுப்பறை காலியா இருக்குன்னு சொல்லி அனுப்பினேன்,” என்றார் தலைமையாசிரியை. “மாடிதான் வேணும்னு ஆபீஸ்லேர்ந்து மறுபடியும் தாள் வந்துச்சு.”

மாலை 4.00. ஏட்டம்மாவின் மேஜைக்கு எதிரே தையல்காரரும் எழுத்தரும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். ஏட்டம்மா உறையை நடுவில் வைத்தார்.

“இது டவுன்ல முத்திரை வாங்கினது செவ்வாய்க்கிழமை. குழாய் கழண்டது புதன்கிழமை. செவ்வாய்க்கிழமை நம்ம எல்லாருக்கும் கூட்டம் ஆபீஸ்லதான். எழுதினவனுக்கு மட்டும் பள்ளிக்கூட மாடி. அப்போ குழாய் தானாக் கழலல. கழலப் போகுதுன்னு அவனுக்கு முன்னாடியே தெரியும்.”

தையல்காரர் உறையைக் கையில் எடுத்துத் தேதியைப் படித்தார். காலையிலிருந்து அவர் பார்த்ததெல்லாம் உள்ளே இருந்த தாளைத்தான்.

“தலைவர் ஆளுங்க யாராவது உள்ள புகுந்து...” என்று இழுத்தார்.

“உள்ள புகுந்தவன் பதிவேட்டையெல்லாம் பத்திரமா எடுத்து மேல வச்சுட்டுத்தான் குழாயைக் கழட்டுவானா?” ஏட்டம்மா எழுத்தர் பக்கம் திரும்பினார். “ஆறு மணிக்கு ஒரு சாண் தண்ணின்னா கீழ்த்தட்டு முழுசா முங்கியிருக்கும். நீ அப்புறம் எடுத்த பதிவேடு காகிதக் கூழா இருக்கணும். ஒரு பக்கத்துல ஈரம் இல்ல. வேலை மேல உனக்கு இருக்கற அக்கறைதான் உன்னைக் காட்டிக் குடுத்துச்சு, தம்பி. மாமாவுக்குப் பயம், ஊன்றுகோல்காரருக்குப் படி. நாலு ஓட்டு ரெண்டாயிடும்.”

எழுத்தரின் முகத்தில் ஈயாடவில்லை.

“தலைவர் எதையும் செய்யச் சொல்லல. தீர்மானம் தோத்தா உன் வேலை நிரந்தரம்னு மட்டும் சொன்னார். மாமா மேல ஒரு துரும்புகூடப் பட விட்டிருக்க மாட்டேன்.”

“அவர் சொன்னதையும் சேர்த்து எழுதிக்குடு. அவர்கிட்ட நானே கேக்கறேன்.”

தையல்காரர் மெதுவாகக் கேட்டார். “நான் புகாரைத் திரும்ப வாங்கிக்கிட்டா?”

“கடிதாசி உங்களுக்கு வந்தது, நீங்க மன்னிக்கலாம். குழாய் ஊரோடது. ஓட்டும் ஊரோடது.”

வெள்ளிக்கிழமை, நண்பகல் 12.15.

ஓட்டெடுப்பு நடத்த வந்த அதிகாரி, ஏட்டம்மாவின் அறிக்கையைப் படித்துவிட்டுக் கூட்டத்தைக் கீழ் வகுப்பறையிலேயே நடத்தினார். நான்குக்கு மூன்று. தையல்காரர் அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்கு வந்து மைத்துனன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“கை தூக்கினீங்களா மாமா?”

“தூக்கினேன்.”

“எழுதினது நான்தான்னு தெரிஞ்சதால பயம் விட்டுப்போச்சு. இல்லையா?”

“இல்லடா. நேத்து மத்தியானமே முடிவு பண்ணிட்டேன். யார் எழுதினதுன்னு அப்போ தெரியாது.”

“அக்கா தடுக்கலையா?”

“அழுதா. அப்புறம் எந்திரிச்சு சட்டைக்கு இஸ்திரி போட்டுக் குடுத்தா.”

எழுத்தர் தரையைப் பார்த்தான். தையல்காரர் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவன் மடியில் வைத்தார்.

“உனக்கும் ஒண்ணு போட்டுக் குடுத்து விட்டிருக்கா. மாத்திக்க. ரெண்டு மணிக்கு கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம்.”