பூட்டிக்கொள்ளும் வைஃபை

லினக்ஸ் கணினி எழுந்துவிட்டது. வைஃபை மட்டும் எழவில்லை. பக்கவாதத்தில் படுத்துவிட்ட அம்மாவின் அறையில், மருந்தும் ஈரத்துணியும் கலந்த நாற்றத்தில், மின்விசிறியின் கிறீச்சொலிக்குக் கீழே உட்கார்ந்து அவள் கட்டளையைத் தட்டினாள். வைஃபை பூட்டப்பட்டிருக்கிறது என்று பதில் வந்தது. நேற்றும் இதே பதில்தான்.

"யாராவது கட்டளை போட்டாத்தான் அந்தப் பூட்டு விழும். அணைச்சுப் போட்டாலும் அப்படியே ஞாபகம் வச்சிருக்கும்," என்றான் போனில் அண்ணன். "அம்மாவைப் பார்த்துக்க வர்ற அக்காவா?"

"அவங்களுக்கு டிவி ரிமோட்டே தகராறு. நீ வேற."

"அப்ப அம்மாதான் எழுந்து தட்டினாங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அக்கா கிளம்பியதும், இவள் ஆபீஸிலிருந்து வரும்வரை அம்மா தனியாகத்தான் கிடக்க வேண்டும். அறையில் இருக்கும் இந்தக் கணினியின் கேமராவில் தெரிவதை வைஃபை வழியாகப் போனில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் ஒரே ஆறுதல்.

யார் பூட்டுகிறார்கள் என்று அவள் துருவவில்லை. வேலை நடந்தால் சரி என்பது மென்பொருள் எழுதும் அவள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள வியாதி. பூட்டு விழுந்தால் சற்று நேரத்தில் தானாகத் திறக்கும்படி கணினியில் நாலு வரி நிரல் எழுதி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் மாலை ஆபீஸில், காப்பி ஆறிக்கொண்டிருக்க, போனில் அம்மா தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் கறுத்தது. தானாகவே திரும்பியது. பரவாயில்லை, நம் கை வேலை வீண்போகவில்லை என்று நினைத்தாள்.

மறுபடி கறுத்தது. திரும்பியபோது போர்வை தரையில் கிடந்தது.

கறுப்பு.

அம்மாவின் கண்கள் திறந்திருந்தன. கேமராவைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே, விசைப்பலகையைப் பார்த்தன. வாய் கோணி நடுங்கியது.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். ஆபீஸ் போனை எடுத்து அக்காவை அழைத்தாள். "நீங்க வீட்லயா இருக்கீங்க?"

"பஸ்ல இருக்கேன்மா. கதவைப் பூட்டிட்டுத்தானே வந்தேன். ஏன்?"

கறுப்பு. பூட்டுகிறது. அவளுடைய வரிகள் திறக்கின்றன. மறுபடி பூட்டுகிறது.

பிறகு பூட்டுவது நின்றுவிட்டது. படம் தெளிவாக நின்றது. கட்டிலில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கண்ணீர். பக்கவாதத்தில் அசையாமல் போன வலது கை மேலே உயர்ந்திருந்தது. கேமராவைப் பார்த்து மெல்ல, மெல்ல டாட்டா காட்டியது.

மணிக்கட்டைச் சுற்றி, பின்னாலிருந்து பிடித்திருந்த விரல்கள் நீளமாக இருந்தன.