மோர்டன் வீட்டில் காணாமற்போன கொடி

சனிக்கிழமை காலை எட்டு மணி. லண்டனின் தெற்கே, மோர்டன் வீட்டின் மாடியறையில் சூட்கேஸ் திறந்து கிடந்தது. தாலிக்கொடியைக் காணவில்லை.

கொடி சிவரூபினியுடையது. அதற்காகக் கத்தியவர் அவள் கணவர் சச்சிதானந்தன். கொழும்பில் ஐந்து சங்கங்களுக்குத் தலைவர். மனைவியோடு ஒரு வாரம் லண்டன் பார்க்க வந்தவர்; லண்டன்தான் தன்னைப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பில் இருப்பவர்.

எட்டேகாலுக்குத் தீர்ப்பும் வந்துவிட்டது. கீழ் அறையில் வாடகைக்கு இருந்த அஞ்சலீனாவின் பையைத் தூக்கிவந்து கூடத்தில் கொட்டினார். உடுப்புகள், வேலைச் சீருடை, செபமாலை எல்லாம் தரையில் சிதறின. மன்னார்ப் பெண். அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. திருட்டுப் பட்டத்தோடு பொலிஸ் வாசலுக்கு வந்தால் அவள் கதி என்ன என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்.

"நேற்று முழுக்க வீட்டில இருந்தது இது ஒண்டுதான். எடுத்ததைத் தரச் சொல்லுங்கோ. இல்லாட்டிப் பொலிசுக்கு அடிப்பன்."

"நான் அந்த அறைக்குள்ள காலே வைக்கேல்லை, ஐயா!"

வீட்டுக்காரி தவநாயகி இருவருக்கும் நடுவே வந்து நின்றாள். சிவரூபினியின் அக்கா. காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பொய்யாக நட்டஈடு கேட்பவர்களைப் பிடிப்பது அவள் வேலை. கோபம் வந்தால் அவள் குரல் தாழும். இப்போது மிகவும் தாழ்ந்திருந்தது.

"அடிக்க முதல் எனக்குப் பதில் சொல்லுங்கோ, மச்சான். சூட்கேஸ் பூட்டு உடைஞ்சதோ?"

"இல்லை. நம்பர் பூட்டு. இப்பத்தைக் கள்ளருக்கு அதெல்லாம் தூசு."

"ரூபி, கொடியை எப்ப வைச்சனி?"

"நேற்றுக் காலமை. ரயிலில அறுத்துப்போடுவாங்கள் எண்டு இவர்தான் கழட்டச் சொன்னவர். குங்குமம் வைச்சு வெள்ளைத் துணியில முடிஞ்சு வைச்சன்." அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது.

"பிறகு எங்க போனியள்?"

"அரண்மனை. பிறகு வெஸ்ற்மின்ஸ்ரர் பாலம். அங்க மூண்டு கோப்பையைக் கவிட்டுப் பந்து ஒளிக்கிற விளையாட்டு. என்னை அங்காலை நிக்கச் சொல்லிப்போட்டு இவர் பாத்தார், பாத்தார், மழையும் தூறத் தொடங்கீட்டுது. பிறகு ராட்டினம்."

"கணித ஆர்வம்," என்றார் தலைவர்.

"வெளியில என்ன சாப்பிட்டனீங்கள்?"

அவர் நெஞ்சு நிமிர்ந்தது. "வெள்ளிக்கிழமை! விரதம். வீட்டுக்கு வரும்வரைக்கும் பச்சைத் தண்ணியும் பல்லில படேல்லை. லண்டனுக்கு வந்தாலும் நாங்கள் ஒழுக்கத்தை விடுற ஆக்கள் இல்லை." சொல்லிவிட்டு அஞ்சலீனாவைப் பார்த்தார்.

தவநாயகி தன் போனில் குடும்ப வாட்ஸப் குழுவைத் திறந்தாள். நேற்று அவர் அனுப்பிய படங்கள். அரண்மனை வாசலில் கோட்டுப் பொத்தான்கள் பூட்டியிருந்தன. வலக்கை இடப்பக்க நெஞ்சின்மேல். ராட்டினத்தடியில் கோட்டு திறந்திருந்தது. வெள்ளைச் சட்டைப்பையில் ஒரு சிவப்புத் திட்டு. அவள் அதைப் பெரிதாக்கினாள்.

"இது என்ன கறை?"

"அது... கெச்சப்."

"பச்சைத் தண்ணியும் படாத விரதத்தில கெச்சப்போ?"

உயர்த்திப் பிடித்திருந்த போனை அவர் கீழே இறக்கினார்.

"இந்தப் படம் நான்தான் எடுத்தன், அக்கா," என்றாள் சிவரூபினி மெல்ல. "ராட்டினம் முழுக்கப் படத்தில விழவேணும் எண்டு சொன்னவர். நான் மேலைதான் பாத்தன்."

"அது குங்குமம், ரூபி. உன்ரை முடிச்சில இருந்த குங்குமம். பூட்டு ஏன் உடையேல்லை? நம்பர் தெரிஞ்ச கை திறந்தது. அரண்மனையில நெஞ்சில கை வைச்சு நிண்டது மரியாதைக்கு இல்லை, முடிச்சைக் காக்க. பாலத்தில காசு போச்சு. தலைவர் தோக்கலாமோ? மழைக்குள்ள முடிச்சை அவிட்டார், குங்குமம் சட்டையில ஊறிச்சுது, கொடி கோப்பைக்காரனிட்டைப் போச்சு. எடுத்தது நீங்கள்தான், மச்சான். பழி போட மட்டும் இந்தப் பிள்ளை வேணும்."

"பாதுகாப்புக்காகத்தான் கொண்டு போனனான்," என்று முனகினார். "வீட்டில வேற ஆக்கள் இருக்கினம் எண்டு..."

சிவரூபினி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவரைப் பார்க்கவே இல்லை.

சச்சிதானந்தன் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, ஏதோ நடந்துபோச்சு. மனசில வைச்சிருக்காதையுங்கோ."

"மனசில இல்லை, ஐயா. நிலத்தில கிடக்கு," என்றாள் அஞ்சலீனா. "ஒவ்வொண்டா மடிச்சு வையுங்கோ."

அவர் தவநாயகியைப் பார்த்தார். அவள் வழிவிட்டு நின்றாள். முழங்கால் முறிய அவர் குந்தி, சீருடையை மடித்தார். அடுத்துக் கை நீண்டது.

"செபமாலையைத் தொடாதையுங்கோ," என்றாள் அஞ்சலீனா. "அதை நான் எடுக்கிறன்."