அரளிப் புகை

"ஐயையோ... அம்மா உள்ளே இருக்காங்க!"

தோட்டக்காரியின் அலறலில் தெருவே திரும்பிப் பார்த்தது.

பகல் இரண்டு மணி. சாப்பிட்டுவிட்டுத் திரும்பியவள் கேட்டைத் திறந்ததும் உறைந்து போனாள்.

படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே, வெட்டிப்போட்ட அரளிக் கிளைகள் குவியலாகப் புகைந்துகொண்டிருந்தன. வெள்ளைப் புகை திறந்த ஜன்னல் வழியே குபுகுபுவென்று உள்ளே போனது!

அந்தக் குவியலை அவள் விட்டுப்போனது கேட் ஓரத்தில். குப்பை வண்டிக்காக!

காலையில்தான் வேலை ஆரம்பம். அழகுக்காக நட்ட அரளி, காடாகி, கூரையைத் தொட்டிருந்தது. அதை ஒழித்துக்கட்டச் சொன்னவர் வீட்டுக்கார அம்மாவின் தம்பி. இதே ஜன்னலருகே நின்றுதான் கேட்டார்.

"வெட்டினதை இங்கேயே கொளுத்திடலாமே?"

"வேணாம் சார்! அரளி பூரா விஷம், புகை உள்பட. அம்மாவுக்கு ஏற்கெனவே நுரையீரல் சரியில்லை... தாங்க மாட்டாங்க."

"நிஜமாவா?"

"ஆமா சார்."

"நிஜமாவா?"

அப்போது அவளுக்கு அது அக்கறையாகத்தான் பட்டது.

இப்போது...

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாய்ந்தாள். மண்வெட்டியால் குவியலை இழுத்துத் தள்ளினாள். கண் எரிந்தது. தொண்டை அடைத்தது. வாசல் கதவுக்கு ஓடினாள்.

பூட்டு!

"சார்! சாவி... சாவி எங்கே?"

வேப்பமர நிழலிலிருந்து தம்பி ஓடி வந்தார். சாவியோடு அல்ல... விரலை நீட்டிக்கொண்டு!

"பாவி! எங்கக்காவைக் கொன்னுட்டியே!"

"நானா? நான் சாப்பிடப் போயிருந்தேன் சார்..."

"வெட்டினது யாரு? விஷம்னு தெரிஞ்சவ யாரு? நீதானே!"

கூட்டம் சேர்ந்துவிட்டது. அத்தனை கண்களும் அவள் மேல்.

"என் பேச்சு கிடக்கட்டும் சார்... கதவைத் திறங்க! உயிர் போகுது!"

சர்ர்ரென்று ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் குதித்தார்.

"சார், இவளைப் பிடிங்க! இவதான் கொளுத்தினா!"

இன்ஸ்பெக்டர் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஸ்டேஷனுக்கு நீங்க போன் பண்ணீங்களா?"

"இன்னும் இல்லை... இப்பதான் பண்ணலாம்னு..."

"அப்ப என்னைக் கூப்பிட்டது யாரு?"

தம்பி ஓரடி பின்வாங்கினார்.

பக்கத்து வீட்டுக் கேட் கிறீச்சிட்டது. அந்த வீட்டு டீச்சரின் தோளைப் பற்றிக்கொண்டு, மூச்சிரைக்க வந்தது...

அக்கா!

"என் கட்டில் ஜன்னல் ஓரமாத்தான்டா கிடக்கு. காலையில நீ பேசினது பூரா காதுல விழுந்துச்சு. நீ குளிக்கப் போனப்ப, போர்வைக்குள்ள தலையணையை வெச்சுட்டுப் பின்கதவு வழியா வந்துட்டேன்."

"அக்கா... அது வந்து..."

"டீச்சர் வீட்டு மாடியிலேர்ந்து பார்த்துட்டே இருந்தேன். கிளையை இழுத்துட்டு வந்தே. மண்ணெண்ணெய் ஊத்தினே. நீ தீக்குச்சியைக் கிழிக்கிற வரைக்கும்... என் தம்பி செய்ய மாட்டான்னுதான்டா நினைச்சேன்."

குரல் உடைந்தது.

"வீட்டை விக்க மாட்டேன்னு சொன்னது அவ்வளவு பெரிய குத்தமாடா?"

டீச்சர் செல்போனை நீட்டினாள். எல்லாம் அதில் பதிவாகியிருந்தது!

தோட்டக்காரி மண்வெட்டியைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அக்கா குனிந்து அவள் கையைப் பிடித்தாள்.

"உன்னைப் பதற விட்டுட்டேன்... மன்னிச்சுக்கோம்மா. நீ வாய் திறந்து சொன்னதாலதான் நான் உயிரோட நிக்கிறேன்."

கையில் விலங்கு ஏறியதும் தம்பிக்கு வியர்த்துக் கொட்டியது.

"சார்... மூச்சு முட்டுது..."

இன்ஸ்பெக்டர் அவர் முதுகில் தட்டினார்.

"கவலையே படாதீங்க! ஸ்டேஷன்ல உங்களுக்கு ஒதுக்கியிருக்கிற ரூம்ல காத்தோட்டத்துக்குக் குறைச்சலே இல்லை... முன்பக்கம் பூரா கம்பிதான்!"