செவிவில்லை கேட்ட பொய்

கள ஆய்வாளர் எப்சிபா, சந்தனமாரியின் வீட்டுப் படியேறும்போதே அவள் தோளில் குத்தியிருந்த செவிவில்லை விழித்துக்கொண்டது. உப்பளக் குடியிருப்பின் பசிக் கணக்கெடுப்புக்கு இப்போது தாளும் கிடையாது, கைப்பேசியில் கட்டம் நிரப்பும் பாடும் கிடையாது. கள ஆய்வாளர் போய்ப் பேசிக்கொண்டிருந்தால் போதும். பொட்டளவே உள்ள அந்த வில்லை பேச்சிலிருந்து தகவலைப் பிரித்தெடுத்து அனுப்பிவிடும். சாப்பிட்டவருக்குப் பச்சை, பட்டினிக்குச் சிவப்பு.

“வாங்க மேடம், சாப்டியளா?”

“ஆச்சுக்கா. நீங்க?”

“அதெல்லாம் ஆச்சு.”

இரண்டு முறையும் பச்சை. அடுப்பு சில்லிட்டுக் கிடந்ததை எப்சிபா பார்த்தாள். வில்லைக்குக் காது மட்டும்தான்.

மாலையில் மேற்பார்வையாளர் தவமணி அழைத்தார். “குடியிருப்பு முழுக்கப் பச்சைம்மா. பசியே இல்லன்னு பொது அடுக்களையை மூடப்போறாங்க.”

“சார், மழை விழுந்து அளத்துல வேலையே இல்ல. வீடேறி வந்தவங்க கேட்டா ‘சாப்பிடல’ன்னு எந்தப் பொம்பள சொல்லுவா?”

“எனக்குத் தெரியுது, வில்லைக்குத் தெரியணுமே! பசிச்ச தொண்டை வறண்டு பேசும். அதைப் பிடிக்கிற காது அதுக்கு இருக்கு. ஆனா, ‘நான் சொன்னது பொய்’னு ஒருத்தராவது ஒத்துக்கிட்டாத்தான் அது கத்துக்கும்.”

சந்தனமாரியிடம் போய், ‘பட்டினின்னு சொல்லுங்கக்கா’ என்று கேட்க எப்சிபாவுக்கு நா எழவில்லை. யோசித்துக்கொண்டு நின்றவளின் வயிறு இரைந்தது. காலையில் அவசரமாகக் கிளம்பியதிலிருந்து அவளும் ஒன்றும் சாப்பிடவில்லை. ஏறிய வீட்டிலெல்லாம் ‘ஆச்சு’ என்றுதான் சொல்லியிருந்தாள்.

வில்லையைக் கழற்றி வாயருகே பிடித்தாள். “இன்னைக்கு நான் சொன்ன ‘ஆச்சு’ எல்லாம் பொய். நான் சாப்பிடல.”

அவளுடைய பசித்த குரலை அளவுகோலாக வைத்துக்கொண்டு, சேர்த்துவைத்திருந்த குரல்களையெல்லாம் வில்லை திரும்பவும் கேட்டது. வரைபடத்தில் வீடு வீடாகச் சிவந்தது. அடுக்களை மூடப்படவில்லை. கூடுதலாக அரிசி வந்து இறங்கியது.

அடுத்த முறை அவள் போனபோது சந்தனமாரி வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்க புண்ணியத்துல பிள்ளையெல்லாம் வயிறார உண்ணுது, நல்லாயிருங்க. சாப்டியளா?”

“ஆச்சுக்கா.”

வில்லை சிவந்தது. சந்தனமாரி விழுந்து விழுந்து சிரித்தாள். “எங்களைக் காட்டிக்குடுத்தது உங்களை மட்டும் விட்டுருமாக்கும்! உக்காருங்க.” அடுக்களைச் சோற்றைத் தட்டோடு முன்னால் நகர்த்தினாள்.

“அப்ப உங்களுக்கு?”

“பிள்ளையளோட சேர்ந்து அப்பவே தின்னாச்சு.”

மறுபடியும் சிவப்பு.

சிரிப்பு நின்றது. தட்டில் இருந்தது ஒருவர் சோறுதான். சந்தனமாரி வில்லையை முறைத்துவிட்டு, சோற்றை நடுவில் பிரித்தாள்.

“தின்னுங்க மேடம். இனிமே பெத்த பிள்ளைக்குக்கூடப் பொய் சொல்லிச் சோறு போட முடியாது போலிருக்கு.”