பக்கத்து வீட்டு வைஃபை

கதவைத் தட்டும்போதே மழை வலுத்துவிட்டது. லேப்டாப்பைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள் ஜெனிட்டா.

திறந்தவன் பரத். ஆண்டர்சன்பேட்டையின் பழைய சுரங்கத் தொழிலாளர் லைனில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். ஆனாலும் விடிகாலை ரயிலுக்குப் பெங்களூர் ஓடுகிறவனை அவள் முதுகாகத்தான் பார்த்திருக்கிறாள். லீவு நாளான இன்றுதான் கண்கள்... கரிய, கூச்சமுள்ள கண்கள்.

“அம்மா இல்லீங்களா?”

“மார்க்கெட் போயிருக்காங்க. இன்னாங்க?”

“சர்ச் வைஃபைக்குப் பூட்டு போட்டுட்டாங்க. குவைத்துல இருந்து எங்க அக்கா கூப்பிடற நேரம்... உங்களுக்கு நெட் வருதா?”

அவன் தலையைச் சொறிந்தான்.

“அது சர்ச்சோடது இல்லீங்க. எங்க வீட்டோடது.”

அவள் முகம் சூடானது. போன வருடம் அப்பா ஏசுபாதம் இறந்தபோது, அக்கா ஐடா அடக்கத்தையாவது பார்க்கட்டும் என்று யாரோ இந்த லேப்டாப்பில் வைஃபை இணைத்துக் கொடுத்தார்கள். எதிரில் இருந்த சர்ச்சுடையது என்றே நினைத்துவிட்டாள். அன்றிலிருந்து அதில்தான் வேலை. அதில்தான் அக்கா.

“அப்போ இத்தினி நாளா திருடிக்கினு இருந்தேனா?”

“திறந்து வெச்சதே நான். இதுல எங்கங்க திருட்டு?” சிரித்தான். “குடுங்க, பாஸ்வேர்டு போடறேன்.”

போட்டான். ஏறவில்லை. மறுபடியும் போட்டான்...

“லினக்ஸா?”

“பழைய மிஷினு, விண்டோஸ் தாங்காதுன்னு அப்பா போட்டு வாங்கினாரு.”

கறுப்புத் திரையில் எதையோ தட்டினான். உதட்டைக் கடித்தான்.

“பூட்டின நெட்டுல ஏற ஒரு புரோகிராம் வேணும். அதுவே இதுல இல்ல. திறந்த நெட்டு மட்டும்தான் இதுக்குத் தெரியும். இது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா பூட்டியே இருக்க மாட்டேன்.”

தன் போனைக் கேபிளில் மாட்டி அந்தப் புரோகிராமை இறக்கத் தொடங்கினான். அவள் வாசலிலேயே நின்றாள்.

“போதுங்க. ஒரு வருஷம் தர்மம் பண்ணிட்டீங்க. குடுங்க, நான் போறேன்.”

“தர்மமா? லைன்ல சாவு விழுந்தா பக்கத்து வீட்டுத் தண்ணி, கரண்ட்டு, பெஞ்சு எல்லாம் அந்த வீட்டுக்குத்தானே? எங்ககிட்ட குடுக்க இது இருந்துச்சு.”

“அது அடக்கம் முடியற வரைக்கும்.”

பரத் திரையைப் பார்த்தபடி இருந்தான். தகரத்தில் மழை அடித்தது.

“மூடலாம்னுதான் இருந்தேன். ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் அழுவீங்க... அழாத நாளாப் பாத்து மூடலாம்னு.”

அவள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த சுவரைப் பார்த்தாள்.

“நேத்து சத்தமே இல்ல. அதான் பூட்டினேன்.” குரல் இறங்கியது. “பூட்டினா வந்து தட்டுவீங்க... ஒருவாட்டியாவது எதிர்ல பாக்கலாம்னும்தாங்க.”

திரையில் இணைப்பு ஏறியது. உடனே அக்காவின் அழைப்பு. ஜெனிட்டா எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது.

“நேத்தும் அழுதேன்,” என்றாள். “நீங்க கதவு திறக்கற சத்தம் கேட்டதும் வாயில துணிய வெச்சிக்கினேன். ரயில்ல நின்னுக்கினே வர்றவரு, தூங்கட்டும்னு...”

அவன் நிமிர்ந்தான். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

“தினமும் உங்க கதவுச் சத்தத்துக்குத்தான் முழிச்சிருப்பேன். கேட்டாத்தான்... எனக்கும் தூக்கம் வரும்.”