மூன்று பீப்

வாட்ச்மேன் சாவியை நீட்டினார். "ரெண்டாவது மாடியில ஒருத்தரும் இல்லம்மா. பார்த்து ஏறுங்க, லிஃப்ட் ஓடல."

சாயங்காலம் நான்கு மணி. ஆய்வுக்கூடத்தை வேறிடத்துக்கு மாற்றுகிறார்கள். நாளை லாரி வருவதற்குள், உயர் அழுத்த மின்சாரம் தரும் பவர் சப்ளையை அவள் கழற்றி வைக்க வேண்டும். ஐந்து வருடமாக வீட்டிலிருந்தே நெட்வொர்க் வழியாக அவள் இயக்கிய இயந்திரம் அது. வயர் மாற்ற மட்டும் இங்கே ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த வேலையைப் பார்த்தவருக்கு நிதானம் என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். தீப்பிடித்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் ஓடுவாராம். தனியாக வாழும் அவளுக்கு நாள் முழுக்கப் பேச்சுத்துணையாக இருந்தது போனில் வரும் அவர் குரல் ஒன்றுதான்.

இருவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. மின்சாரம் விடுமுன் அவள் வீட்டிலிருந்தே இயந்திரத்தை மூன்று தடவை பீப் அடிக்க வைப்பாள். அவர் கையை எடுத்துவிட்டுப் போனில் "ம்" என்பார். பிறகுதான் விடுவாள்.

ஒரு நாள் போன் லைன் கிடைக்கவில்லை. அவர் சாப்பிடப் போயிருப்பார் என்று நினைத்து, பீப் அடிக்காமலே மின்சாரத்தை விட்டுவிட்டாள்.

அவர் சாப்பிடப் போயிருக்கவில்லை.

விசாரணையில், "மூணு பீப் குடுத்தேன்," என்றாள். அவர் மனைவியிடமும் அதையே சொன்னாள். அந்த அக்கா அழக்கூட இல்லை. "கேட்டும் கையை எடுக்கலைன்னா, சாகணும்னே நெனச்சாரா?" என்று மட்டும் கேட்டாள். எட்டு மாதமாக அந்தக் கேள்வி இவளைத் தூங்கவிடவில்லை.

அறையில் தூசி வாடை. அதற்கடியில் கருகிய ரப்பரின் வாடை, இன்னும் போகாமல். அவர் நாற்காலி மேசையை ஒட்டியே கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை.

முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள். இனி வெளியிலிருந்து யாரால் இதைப் போட முடியும் என்ற தைரியத்தில், மெயின் பிளக்கை அப்படியே விட்டுவிட்டு டெர்மினல் திருகில் கை வைத்தாள்.

பீப்.

கை அசையவில்லை.

பீப். பீப்.

சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். திரையில் பூஜ்யமாக இருந்தது அறுநூறு வோல்ட் ஆனது. அதன் பக்கத்தில், வெளியிலிருந்து யாரோ இயக்குவதைக் காட்டும் 'ரிமோட்' விளக்கு எரிந்தது. கேபிளின் நுனி அவளுடைய இடது கையில்தான் இருந்தது.

அவருக்கு அவள் செய்யாமல் விட்டதை யாரோ அவளுக்குச் செய்திருந்தார்கள்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. வெகுநேரம் கழித்து அக்காவின் நம்பரை அழுத்தினாள்.

"அக்கா, நான் பொய் சொல்லிட்டேன். அன்னைக்கு நான் பீப் குடுக்கவே இல்ல. அவர் மேல ஒரு தப்பும் இல்லக்கா. சாகணும்னு நெனைக்கல. அவருக்குத் தெரியவே தெரியாது."

திரையில் வோல்ட் மெல்ல மெல்ல, அவசரமே இல்லாமல், பூஜ்யத்துக்கு இறங்கியது.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன்." குரல் ரகசியமாகத் தாழ்ந்திருந்தது. "உன் பக்கத்துல யாரு? நீ சொல்லி முடிச்சதும் 'ம்'னு ஒரு குரல் கேட்டுச்சே."